சாண்டிகேட்டுக்கு ஒருமுறை போய் வா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாயிருக்க வேண்டுமென்று நல்லூர்க் கந்தனை நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். பொங்கலன்று நீ அனுப்பிய கைகூப்பிய படம் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் எடுத்தபோதெல்லாம் உன் தொலைபேசி அடித்து ஓய்ந்ததே தவிர, உன் குரல் கேட்கவில்லை. வேலை கூடுதலாக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சின்னம்மா சொன்ன விஷயத்தைப் பற்றி நீயாக வாய் திறக்கும்வரை நான் எதுவும் கேட்க மாட்டேன். இந்தக் கடிதம் உதைபந்தாட்டத்தைப் பற்றியது. ஆகவே கடைசி வரை வாசி.

போன சனிக்கிழமை நம் டூட்டிங் அண்ட் மிச்சம் கழகத்தின் இம்பீரியல் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் ஆட்டம் நடக்கவில்லை. நான் வழக்கம்போல முற்பகலிலேயே தேநீர்க் கடைக்குக் கைகொடுக்கப் போயிருந்தேன். இரவு முழுதும் உறைபனி. நடுவர் வந்து, வெயில் விழாத அந்தக் கோல் மூலையில் குதிக்காலை ஊன்றி அழுத்திப் பார்த்தார். தரை இளகவே இல்லை. பந்தொன்றை மேலிருந்து போட்டுப் பார்த்தார். அது சீமெந்துத் தரையில் விழுந்ததுபோல எகிறியது. ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவர் போய்விட்டார். நாங்கள் சிலர் மட்டும் கொதித்த தண்ணீரை வீணாக்காமல் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் வாசலில் காசு வாங்கும் பெரியவர் உன்னைக் கேட்டார். அவர் கேட்டதும், ஆட்டக்காரர் பெயர்களை ஒன்று விடாமல் கொப்பியில் எழுதுகிறவரும் திரும்பி, "ஷெஃபீல்டில் உங்கள் பையன் எந்தக் கழகத்தைப் பார்க்கிறான்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, தம்பி. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்பதை நினைத்துப் பார். உலகத்தில் இன்றுவரை இயங்கிவரும் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகமான ஷெஃபீல்ட் கழகம் 1857இல் உன் ஊரில்தான் தொடங்கியது. கோர்னர் கிக் முதலிய பல விதிகள், லண்டன்காரரின் விதிப்புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே ஷெஃபீல்டில் வழக்கத்திலிருந்தன. 1860இல் ஹாலம் கழகம் பிறந்தது. அந்த ஆண்டு நத்தாருக்கு மறுநாள் இரண்டு கழகங்களும் சாண்டிகேட்டில் மோதின. ஷெஃபீல்ட் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. அந்தச் சாண்டிகேட்டில் ஹாலம் இன்றும் ஆடுகிறது. உலகின் மிகப் பழைய உதைபந்தாட்ட மைதானம் என்று பெயர் பெற்ற இடம், கிராஸ்பூல் மேட்டில், நீ பேருந்து ஏறிப் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. நீயோ அங்கே குடிபோன நாளிலிருந்து ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததாகச் சொன்னதில்லை. கதிர்காமத்தில் வீடு எடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாதவனை என்ன சொல்வது?

கோபித்துக்கொள்ளாதே. உனக்கு இவற்றில் பாதி தெரிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பத்து வயதிலேயே 1959ஆம் ஆண்டு ஜனவரியில் டூட்டிங் அண்ட் மிச்சம் அணி, முதல் படியில் ஆடிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை எஃப்.ஏ. கிண்ணத்தில் மறித்த கதையை அந்தக் கிழவர்களுக்கே நீ திருப்பிச் சொன்னவன் அல்லவா. பழைய சாண்டி லேன் மைதானம் அன்று கல்லாய் உறைந்து கிடந்ததையும், எங்கள் அமெச்சூர் பிள்ளைகள் இரண்டு கோல் முந்தி நின்றதையும், உறைந்த மேட்டில் பட்டு எகிறிய பந்து சொந்தக் கோலாகிப்போனதையும், பிறகு ஒரு பெனால்டி வந்து ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்ததையும் நீ சொல்லும்போது, அன்று அந்த மைதானத்தில் நின்ற மனிதர்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறு ஆட்டத்தில் மூன்று கோலால் தோற்றதை நீ எப்போதும் மெல்லிய குரலில்தான் சொல்வாய். அந்த ஆண்டுக் கிண்ணத்தையே ஃபாரஸ்ட்தான் வென்றது என்பதை மட்டும் உரக்கச் சொல்லி முடிப்பாய். அந்தப் பெருமை எனக்கு இன்றும் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் திருக்குறள் ஒப்புவித்து நீ பரிசு வாங்கியதைவிட அது எனக்குப் பெரிது. இதை அப்பாவிடம் சொல்லாதே.

சனிக்கிழமைகளில் நீ வீட்டுக்குள்ளேயே இருக்கிறாய் என்று நினைக்கிறேன். அறையில் இருந்தபடி பெரிய கழகங்களின் ஆட்டங்களைத் திரையில் பார்க்கலாம், ஆனால் மூன்று மணி ஆட்டத்தை இந்த நாட்டுத் தொலைக்காட்சி காட்டாது என்பது உனக்குத் தெரியும். சிறிய கழகங்களின் வாசலுக்குச் சனம் வரவேண்டும் என்பதும் அந்தத் தடைக்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. அந்த நேரத்தை உனக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள். மேலே உள்ள நான்கு லீக்குகளில் 92 கழகங்கள்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே நொன்-லீக் என்று சொல்லப்படுபவை படிப்படியாக ஊர் ஊராக இறங்கிக்கொண்டே போகின்றன. 1987இல் ஸ்கார்பரோ ஏறும்வரை, ஐந்தாம் படியில் முதலாவதாக வந்தாலும் மேலே போகும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. மேலே இருக்கிறவர்கள் வாக்களித்தால்தான் கதவு திறக்கும். அப்படியிருந்தும் அத்தனை காலமும் அந்த மைதானங்களில் புல் வெட்டவும் கோடு போடவும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அங்கே போனால் என்ன செய்வது என்று கேட்பாய். வாசலில் காசைக் கொடு. ஆட்டப் புத்தகம் அச்சிட்டிருந்தால் ஒன்று வாங்கு. இப்போது பல கழகங்கள் அச்சிடுவதை நிறுத்திவிட்டன, ஆகவே கிடைத்தால் எனக்கும் ஒன்று எடுத்து வை. தேநீர்க் கடையில் சூடாக ஏதாவது வாங்கிச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு நிற்காதே. பிறகு கோட்டோரத்து இரும்புக் கம்பியில் முழங்கையை வைத்துக்கொண்டு நில். எங்கள் கோல்காப்பாளரை நினைவிருக்கிறதா, வார நாட்களில் மின்கம்பி வேலை பார்த்தவர்? ஆட்டத்தின் நடுவிலேயே, பந்து மறுபக்கம் போனதும் திரும்பி, நீ எந்த வகுப்புக்கு வந்துவிட்டாய் என்று கேட்பார். நீ பதில் சொல்லி முடிப்பதற்குள் பந்து திரும்பி வந்துவிடும். அவர் ஓடிப்போய் அதைக் குத்தி வெளியே தள்ளிவிட்டு, மூச்சிரைக்க மீண்டும் வந்து, "ம், சொல்" என்பார். பெரிய மைதானத்தில் எண்பது பவுண் கொடுத்தாலும் அது கிடைக்காது. இடைவேளையில் சனமெல்லாம் தங்கள் அணி அடிக்கப்போகும் கோலுக்குப் பின்னால் போகும். நீயும் கூடவே நட. கால் விறைக்காது.

முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கம்பளிக் காலுறை இரண்டு சோடி போட்டுக்கொள். சாண்டிகேட் மேட்டு நிலம், காற்று அறையும். ஆடுகளமே ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும்.

அங்கே ஒருவரும் உன்னிடம் எதுவும் துருவிக் கேட்க மாட்டார்கள். இதை நான் அறிந்து சொல்கிறேன். நான் இம்பீரியல் ஃபீல்ட்ஸுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் எனக்கு இருந்த ஆங்கிலத்தைக் கொண்டு பால் வாங்கலாம், பேருந்தில் ஏறலாம். அப்பா இரவு வேலை முடிந்து நித்திரை கொள்ள வேண்டுமென்பதற்காக உன்னைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன். குளிருக்கு ஒதுங்கத்தான் வாசலுக்குள் நுழைந்தேன். யார், எங்கிருந்து வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். ஆனால் தொடர்ந்து சில சனிக்கிழமை நாம் போகாமல் இருந்தபோது, உனக்குச் சின்னம்மை போட்டிருந்த சமயம், திரும்பிப் போன அன்று வாசலிலேயே "பையனுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்கள். சில நூறு பேர் வரும் இடத்தில் ஒருவர் வராவிட்டால் அது தெரியும். நீ இருக்கும் அந்த மாடிக் கட்டடத்தில் அப்படித் தெரியுமா? நீ ஒரு கிழமை கதவைத் திறக்காவிட்டால் யாராவது தட்டுவார்களா? இதை நினைத்தால் எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை போ. பிறகு அடுத்த சனிக்கிழமையும் போ.

ஹாலம் பிடிக்காவிட்டால், ஷெஃபீல்ட் கழகத்தின் ஆட்டங்கள் ட்ரொன்ஃபீல்டில் ஒரு மதுச்சாலைக்குப் பின்னால் நடக்கின்றன. 2004இல் ஃபிஃபா தன் நூற்றாண்டை ஒட்டி உயர்விருது வழங்கிய கழகங்கள் இரண்டே, ஒன்று ரியல் மாட்ரிட், மற்றது இது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக மனமிருந்தால் ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் கழகம் இருக்கிறது. ஜேமி வார்டி அங்கேதான் ஆடினார். பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டது. ஸ்டொக்ஸ்பிரிட்ஜில் தொடக்கத்தில் கிழமைக்கு முப்பது பவுண் சம்பளம். பகலில் மருத்துவத் தாங்குபட்டைகள் (ஸ்ப்ளின்ட்) செய்யும் தொழிற்சாலையில் வேலை. 2012இல் லெஸ்டர் சிட்டி வாங்கும்போது வயது இருபத்தைந்து. 2016இல் அவர் ஆடிய லெஸ்டர் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கையே வென்றது. இருபத்தைந்து வயதில் ஒன்று கைநழுவினால் எல்லாம் முடிந்தது என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தால் இன்று அந்த மைதானத்துப் பார்வையாளர் மேடைக்கு அவர் பெயர் இருக்காது. இதை நான் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஐந்தாம் படியில் இருந்த சட்டன் அணி எஃப்.ஏ. கிண்ணத்தில் பெரிய லீட்ஸை வென்ற அன்று, 2017 ஜனவரி, உனக்கு ஞாபகமிருக்கும். நீ வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்து, "அம்மா, நீங்கள் வந்தால்தான் நானும் போவேன்" என்றாய். சட்டனின் கான்டர் கிரீன் லேன் மைதானத்தில் அந்தப் பெனால்டி உள்ளே போனதும் நீ என்னைத் தூக்கிவிட்டாய். அந்த இடத்தில்தான் 1989இல் முதல் படியில் இருந்த கொவென்ட்ரியையும் தோற்கடித்தார்கள் என்று பக்கத்தில் நின்றவர் நமக்குச் சொல்ல, அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர்களின் பெயர்களை நீ அவருக்குச் சொன்னாய். பிறகு சட்டன் 2021இல் நான்காம் படிக்கு ஏறியது. ஊர்ப் பிள்ளைகள் கிழமை முழுதும் ஆடிய செயற்கைப் புல்லை அந்த லீக்கின் விதிக்காகப் பிடுங்கியெறிய வேண்டியதாயிற்று. 2024இல் மீண்டும் இறங்கிவிட்டார்கள். இறங்கிய பிறகும் ஊர்ச்சனம் அவர்களை விட்டுவிடவில்லை. அதே சுற்றுவட்டத்து ஆட்கள், அதே பேருந்தில்தான் போகிறார்கள். நான் போயிருந்தபோது கண்ணால் பார்த்தேன். இறங்கி வந்தவர்களை எவரும் குற்றம் சொல்லவில்லை. நம் வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். அப்பாவும் சொல்ல மாட்டார். அவருடைய முகம் அப்படித்தான் இருக்கும், மனம் அப்படியில்லை.

நெல்லியடி மாமாவின் பேத்திக்குச் சாமத்தியச் சடங்கு சித்திரையில். நீ வருவதும் வராததும் உன் விருப்பம். அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. வேறு புதினம் இல்லை.

சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் ஓயும் ஒரு சனிக்கிழமையை, 2010 முதல் நொன்-லீக் நாள் என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா. இந்த முறை அந்த நாளில் ஷெஃபீல்டுக்கு வரலாமென்று நினைக்கிறேன். உன் அறையில் தங்க மாட்டேன், உனக்கு இடைஞ்சல் தர மாட்டேன். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வருவேன். நீ கூட வந்தால் சந்தோஷம். வர முடியாவிட்டால் நான் தனியாகப் போய்ப் பார்க்கிறேன், எனக்கு அது பழக்கம். ஆனால் அதற்கு முன்னால் நீ ஒருமுறை போய் வந்தால் நல்லது; கால் ஊன்ற நல்ல இடம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். மழைக்கு ஒதுங்கக் கூரை எங்கே இருக்கிறது என்பதையும் பார். வாசலில் காசு வாங்குகிறார்களா, வங்கி அட்டை மட்டும்தானா என்றும் விசாரித்து எழுது. தொலைபேசியில் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும்.

அன்புள்ள,
அம்மா