சிட்னியில் பனி, மெம்பெர்டூவில் ஒரு கூடை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே, வாசல் பனியை அள்ளிக் கொட்டவே பாதி நாள் போய்விடுகிறது. "சிட்னியில் ஏதுடா பனி?" என்று மறுபடி கேட்காதே. இது கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் இருக்கிற சிட்னி.

பக்கத்து ஊரான மெம்பெர்டூ பற்றிக் கேட்டிருந்தாய். மிக்மாக் பழங்குடியினர் ஊர் அது. முன்பு துறைமுகத்தை ஒட்டிக் கிங்ஸ் ரோட்டில்தான் இருந்தார்கள். நகரம் வளர, அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் உறுத்தலாகிப்போனார்கள். 1916-இல் நீதிமன்றமே இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. 1926-இல் இப்போதைய இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

90களில் ஊராட்சியில் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் துண்டு விழுந்ததாம். இப்போது ஹோட்டல், மாநாட்டு மையம் எல்லாம் வந்துவிட்டன. 2021-இல் இவர்களும் வேறு ஆறு மிக்மாக் ஊர்களும் சேர்ந்து, கிளியர்வாட்டர் என்கிற பெரிய கடலுணவு நிறுவனத்தில் சரிபாதியை வாங்கினார்கள். முழு நிறுவனத்தின் விலை நூறு கோடி டாலர்!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு விலாங்கு மீன் வழக்கு. டொனால்ட் மார்ஷல் இந்த ஊர்க்காரர். செய்யாத கொலைக்குப் பதினோரு வருஷம் சிறையில் கிடந்தவர். 1993-இல் 463 பவுண்டு விலாங்கு பிடித்து 787 டாலர் 10 சென்ட்டுக்கு விற்றார். உரிமம் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். பிரிட்டிஷாரோடு செய்துகொண்ட 1760-61 ஒப்பந்தங்களின்படி பிழைப்புக்கு மீன் பிடித்து விற்க மிக்மாக் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்து காசைக்கூட விடாமல் கணக்கெழுதிய வழக்கு, கடைசியில் எங்கே போய் நின்றது பார்.

போன மாதம் அங்கே ஒரு பாட்டி கூடை முடைவதைப் பார்த்தேன். கருப்பு ஆஷ் மரத்துண்டைக் கோடாரியின் பின்பக்கத்தால் அடித்துக்கொண்டே இருந்தால், வருஷ வளையங்கள் பட்டை பட்டையாகக் கழன்று வருகின்றன. அதை இழைத்து, நனைத்துப் பின்னுகிறார்கள். உங்கள் அம்மா பனை ஓலையை ஈரத்துணியில் சுற்றிவைப்பாரே, அந்த ஞாபகம்தான் வந்தது. இந்த மரத்தை இப்போது ஒரு பச்சை வண்டு அரித்துத் தீர்க்கிறதாம். பாட்டியின் கவலை எல்லாம் அதுதான், நூறு கோடி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம், நீ தமிழாசிரியன் என்பதால் ஒன்று. இவர்கள் மொழியிலும் பெயர்ச்சொற்கள் இரண்டு வகை: உயிருள்ளவை, உயிரற்றவை. நாம் விலங்குகளை அஃறிணையில் தள்ளிவிட்டோம். இவர்களுக்கு அவை மனிதரோடு ஒரே வகை. வகுப்பில் சொல்லிப் பார், பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று எழுது.

நன்றிக்கு இங்கே 'வெலாலின்' என்பார்கள். பாட்டியிடம் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சின்னக் கூடை ஒன்று வாங்கியிருக்கிறேன், அம்மாவுக்கு. மூட்டுவலி இப்போது தேவலையா?

அன்புடன்,
ரவி