வாசலிலேயே நின்று பேசியவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் தம்பிக்கு வந்த காய்ச்சல் இறங்கி, இப்போது எழுந்து நடமாடுகிறான். 2021, 2022, இந்த 2025 என்று அவனுக்கு இது மூன்றாவது கொரோனா. அவன் உடம்பில் ஓடுவது அம்மா 2019-ல் கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் காலையும் இரவும் நேரம் தவறாமல் போட வேண்டும். அதனாலேயே தடுப்பூசி மற்றவர்களுக்குப் பிடிப்பதுபோல் அவனுக்குப் பிடிப்பதில்லை. கிருமி புகுந்தால் லேசில் போவதும் இல்லை. அந்தக் கிருமியோ மேலே உள்ள முள் புரதத்தை மாற்றிக்கொண்டே வருகிறது. அப்படி மாறி வந்தவைதான் டெல்டா, ஒமைக்ரான், ஜேஎன்.1, 2025 மே மாதம் செய்தியில் அடிபட்ட என்பி.1.8.1. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே அவசரநிலையை முடித்துவிட்டது. நாங்கள் இன்னும் அலை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.

2021 மே மாதம் ஒரு தனியார் மருத்துவமனை எங்களை வாசலோடு திருப்பி அனுப்பியது. "கவலப்படாதீங்கக்கா, ஹைகிரவுண்டுக்குப் போயிருவோம்" என்று வண்டியைத் திருப்பிய 108 ஓட்டுநருக்கு நன்றி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், அந்த வெயிலில் முழு உடுப்புக்குள் வெந்தபடி, இரவானால் ஆக்சிஜன் அளவை எனக்குப் போனில் சொன்ன செவிலியர்களுக்கு நன்றி. மகேந்திரகிரியில் ராக்கெட் வேலைக்கென்று தயாராகும் திரவ ஆக்சிஜன் அந்த நாட்களில் தமிழ்நாட்டு, கேரள ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. அந்த டேங்கர்களை ஓட்டியவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும்.

ஒமைக்ரான் நான்கு நாள் காய்ச்சலோடு போயிற்று.

நான் அதிகம் சொல்ல வேண்டியது 2023 டிசம்பரைப் பற்றி. 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தது. அதே மாதம்தான் பக்கத்தில் கேரளத்தில் ஜேஎன்.1 என்ற பேச்சு. எல்லாரும் மண்டபத்துக்குப் போனார்கள். அத்தனை கூட்டத்துக்குள் தம்பியை எப்படிக் கொண்டு போவது என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அழுதேன். மேலத்தெரு அத்தைதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "பேரப்பிள்ளைகளுக்குச் சளி. அதுக கீழயே கெடக்கட்டும். நீங்க மச்சுல சன்னலத் தொறந்து வச்சுட்டுப் படுங்க" என்றாள். மூன்று நாள் சோறு மச்சுப்படியில் வந்தது.

இரண்டாம் நாள் மாத்திரை தீர்ந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை. இருட்டிய பிறகு மருந்துக்கடை அண்ணாச்சி சொட்டச் சொட்ட வந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கடைக்குள் தண்ணீர் ஏறுமுன் தம்பியின் மாத்திரையைத் தனியே மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்தாராம். "எட்டு மணி மாத்திரைல்லா, அதான் வெரசா வந்தேன்." அண்ணாச்சி, உங்கள் கடைச் சரக்கில் பாதி அன்றைக்குப் போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த அலையில் தம்பிக்கு ஒன்றும் வரவில்லை.

அம்மாவோடு அப்பளம் இடுகிற மதினிமாருக்கும் சித்திமாருக்கும் தனியாக ஒரு கும்பிடு. முன்பு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இடுவீர்கள். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பலகையைப் புறவாசல் வேப்பமரத்தடிக்கு நகர்த்தினீர்கள். ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றி வருஷங்கள் ஆகியும் அங்கேதான் இடுகிறீர்கள். லேசாகத் தும்மல் வந்தாலும், "இன்னைக்கு நான் வரல தாயி" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு அன்றைய கூலியை விட்டுப் போகிறீர்கள். எந்த உத்தரவும் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இந்த வாரம் இட்ட அப்பளம் காய்ந்ததும் வீட்டுக்கு ஒரு கட்டு வரும். தம்பியே கொண்டுவருகிறேன் என்கிறான். திண்ணையில் வைத்துவிட்டு வாசலில் நிற்பான். வெளியே வந்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இப்படிக்கு,
அவன் அக்கா