கேட்க நாதியுள்ள பேய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'கோஸி' வகை மாயத் துப்பறியும் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சின்ன ஊர், அதில் ஒரு ரொட்டிக்கடை, கடையை நடத்தும் சூனியக்காரப் பெண், கூடவே வாய் பேசும் பூனை, நடுவில் ஒரு கொலை. இதையெல்லாம் விரும்பிப் படிக்கிறவர்கள் உலகத்துக்குப் பயந்து போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறவர்கள் என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். நான் அந்தப் போர்வைக்குள் இருக்கிற ஆள்தான். அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் பள்ளிக்கூடம் விடும்வரை கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மகள் போனில் இறக்கிக் கொடுத்த இந்த ஆங்கிலக் கதைகளை அப்போதுதான் படிப்பேன். அதனால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இந்தக் கதைகளில் துப்புத் துலக்குகிறவர் போலீஸ்காரர் கிடையாது. ரொட்டி சுடுகிறவள், நூலகத்தில் இருப்பவள், மூலிகை விற்கும் கிழவி, இப்படி யாராவது. கையில் அதிகாரம் என்று எதுவும் இருக்காது. ஆனால் ஊரில் உள்ள அத்தனை பேரும் அவள் கடைப்படி ஏறித்தான் ஆகவேண்டும். இது வெறும் கற்பனை என்று கட்டுரையாளர் நினைக்கலாம். கடை வைத்திருப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். யார் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறார், எந்த அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், எல்லாம் என் மெஷின் கண்ணாடி மேல்தான் கவிழ்ந்து கிடக்கும். சமீபத்தில் ஒருவர் பட்டா நகல் எடுக்க வந்தார். நடுவில் ஒரு வரியின்மேல் பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் மடித்து வைத்து, "இந்த வரி மட்டும் விழாம எடும்மா" என்றார். "எதுக்கு அண்ணாச்சி?" என்றேன். பதிலே இல்லை. பட்டாவைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். டிக்கெட் மட்டும் கண்ணாடியில் கிடந்தது. ஒரு நல்ல கோஸி கதைக்கு இதைவிட என்ன தொடக்கம் வேண்டும்?

அகதா கிறிஸ்டி கதைகளில் துப்பறியும் கிராமத்துக் கிழவி மிஸ் மார்ப்பிளும் இந்த வித்தையைத்தான் செய்தார். 1930-இல் அவரை வைத்து முதல் நாவல் வந்தது. புதிதாக ஒரு ஆளைப் பார்த்ததும் நம் ஊரில் இன்னாரும் இப்படித்தானே நடந்துகொண்டார் என்று யோசிப்பார், அவ்வளவுதான். வம்பு பேசுகிற கிழவி என்று ஊர் ஒதுக்கிய புத்தியே அங்கே சாட்சியாகிவிடும்.

அதில் மாயம் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் வேடிக்கைதான். 1929-இல் ரோனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதிவைத்தார். பேய் பிசாசு, தெய்வச் செயல் எதுவும் கூடாது என்பது அதில் ஒன்று. வாசகருக்கும் துப்பறிகிறவருக்கும் ஒரே துப்புதான் கிடைக்க வேண்டும், நடுவில் ஆவி வந்து காதில் ஓதினால் அது ஆட்டமே இல்லை என்பது அவர் கட்சி. நியாயம்தான். இன்றைக்கு எழுதுகிறவர்கள் அந்த விதியை மீறிவிட்டு அதன் நியாயத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். செத்தவளின் ஆவி வரும், ஆனால் கடைசி ஒரு மணி நேரம் அதற்கு ஞாபகம் இருக்காது. பூனை பேசும், ஆனால் பூனைக்கு எது முக்கியமோ அதை மட்டும்தான் பேசும். மந்திரத்துக்கு ஒரு கட்டு, ஒரு வரம்பு. நம் பக்கம் மை போட்டுப் பார்க்கிறவர்கூட நகை தெற்கே போயிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார், கதவு எண் சொல்ல மாட்டார். அந்த மிச்சத்தை மனுஷர்தான் தேடவேண்டும். அந்தத் தேடல்தான் ருசி.

சரி, கட்டுரையாளர் எங்கே தவறினார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகள் தரும் ஆறுதல் டீயிலும் கேக்கிலும் இருப்பதாக அவர் நினைக்கிறார். எனக்கு ஆறுதலாக இருப்பது வேறு. ஒரு சாவு விழுந்தால், "அது எப்படி நடந்தது?" என்று கேட்க அந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள். பெரிய மனிதர் மிரட்டினாலும் கேட்கிறாள், மேயர் கடையை மூடச் சொன்னாலும் கேட்கிறாள். கடைசிப் பக்கத்துக்குள் ஊர் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. கேட்க ஆளில்லாத சாவு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அது சாமி ஆகும்.

எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணன். செருப்புத் தைக்கும் குலத்தைச் சேர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைக் கட்டுவதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுச் செருப்புத் தைக்க உட்கார்ந்தவன். மாமனாரின் மாட்டைக் களவாண்டவர்களை விரட்டி அடித்தான், மறைந்திருந்த ஒருவன் கையால் குத்துப்பட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். இதில் மர்மமே கிடையாது, யார் குத்தியது என்று வில்லுப்பாட்டிலேயே வந்துவிடுகிறது. தெரிந்தும் கேட்க நாதியில்லை என்பதுதான் சங்கதி. அப்புறம் பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன் ஆனான். இன்றும் ஆடி அமாவாசைக்குக் காரையாற்றங்கரை நிறையக் குடில் போட்டுத் தங்குகிறோம். நேர்ச்சையாக அவனுக்குச் செருப்புக் கட்டுகிறார்கள். கட்டிய புதுச் செருப்பு அடுத்த வருஷம் பார்த்தால் நடந்து தேய்ந்திருக்கும் என்பார்கள். நான் குனிந்து பார்த்திருக்கிறேன். குதிகால் பக்கம் தேய்ந்த மாதிரிதான் இருந்தது. மழையா, வெயிலா, பட்டவராயனா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்ல ஆசையும் இல்லை.

கோயில் கொடை விழாக்களில் பாருங்கள், சாவு வரும் கட்டத்தை நடுச்சாமத்தில்தான் வில்லில் பாடுவார்கள். உடுக்கை ஏற ஏற கோமரத்தாடிமேல் சாமி வந்து இறங்கும். ஊரே கூடி நிற்கும். வருஷா வருஷம் அந்தச் சாவைத் திரும்ப நடத்திப் பார்க்கிறோம். விசாரணை நடக்காத வழக்குக்கு வாய்தா போட்டுக்கொண்டே போகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த ஆய்வாளர் நா. வானமாமலை நாங்குநேரிக்காரர். முத்துப்பட்டன் கதைப்பாட்டைப் பதிப்பித்தபோது ஒன்றைக் காட்டினார். பிற்காலத்தில் யாரோ அந்தப் பெண்களைப் பிறப்பால் பிராமணக் குழந்தைகள் என்றும், செருப்புத் தைப்பவர் எடுத்து வளர்த்தார் என்றும் பாட்டை மாற்றிவிட்டார்கள். யாருக்கும் உறுத்தாத பதிப்பு! கோஸி கதைகளிடம் எனக்குள்ள பயம் இதுதான். எல்லோரும் எல்லோர் வீட்டிலும் டீ குடிக்கிற ஊரை எழுதுவது எளிது. எங்கள் பக்கத்தில் அப்படி எழுதினால், எந்தத் தெரு என்ற கேள்வியை ஒளித்துவைத்தால்தான் முடியும். ஒளித்துவிட்டால் கொலைக்கான காரணமும் சேர்ந்து ஒளிந்துவிடும், துப்பறிகிறவளுக்கு வேலை இருக்காது.

வேறு குறைகளும் உண்டு. செத்துப்போகிறவர் அநேகமாக ஊருக்கே ஆகாதவராக இருப்பார், அதனால் யாரும் அழுவதில்லை. துஷ்டி வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்கு இது ஒட்டவே இல்லை. கதாநாயகிகளுக்குக் கடனும் கிடையாது. கடை வைத்திருக்கிறாள், கடன் இல்லையாம். பூனை பேசுவதைக்கூட நம்பிவிடலாம்.

இதையெல்லாம் சரிசெய்து தமிழில் எழுதலாமே என்பதுதான் என் கோரிக்கை. மாயத்தை வீட்டுத் திண்ணையில் உட்காரவைப்பது நமக்குப் புதிதா? புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைக்கு இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைக்கவில்லையா? உங்கள் தீபாவளி மலரில் இந்த வகைக்குக் கொஞ்சம் பக்கம் ஒதுக்குங்கள். எழுதுகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: குற்றாலத்தில் பூட்டிய பங்களா வேண்டாம். சீசனுக்கு வந்தவர்கள் செத்த கதை போதும் போதும் என்று ஆகிவிட்டது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் ஆச்சி, பத்தமடையில் பாய் நெய்கிற அக்கா, ரேஷன் கடை வரிசை, இப்படி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆவிக்குப் பேச்சு வந்தால் அதுவும் எங்கள் பேச்சாகவே இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரியைத் துப்பறிய வைக்க விரும்புகிறவர்களுக்கு அந்தப் பட்டா விஷயத்தை இலவசமாகவே தருகிறேன். டிக்கெட் சேரன்மகாதேவியில் ஏறியது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்.