எந்த டைனோவின் 150 கிலோவாட்? தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார் பந்தயத் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த சுற்றில் எங்கள் காரை முடிவுப் பட்டியலிலிருந்து ஏன் நீக்கினீர்கள் என்பதை உங்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். பதிவின்போது கொடுத்த சான்றிதழில் 147 கிலோவாட். பந்தயம் முடிந்ததும் நீங்கள் வரவழைத்திருந்த டைனோவில், அதாவது காரின் பவரை அளக்கும் கருவியில், 154. பிரிவின் உச்சவரம்பு 150. நான்கு கிலோவாட் அதிகம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, விஷயத்தை முடித்துவிட்டீர்கள்.

அந்த 147 எங்கள் வீட்டுக் கொல்லையில் அளந்ததல்ல. நீங்கள் அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் உருளை டைனோவில், அதாவது சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு அளப்பதில், அளந்தது. உங்களுடையதோ ஹப் டைனோ. சக்கரங்களைக் கழற்றிவிட்டு நேராக ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சுமுனையில்) மாட்டி அளப்பது. உருளையில் ஓடும்போது டயர் நசுங்கியும் சூடாகியும் லேசாக வழுக்கியும் கொஞ்சம் பவரைத் தின்றுவிடும். ஹப்பில் டயரே இல்லாததால் அந்த இழப்பும் இல்லை. அதனால் ஒரே கார் ஹப்பில் கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தும் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட்டதுதான் வருத்தம்.

டயரை விடுங்கள். உங்கள் தாளின் கீழ் மூலையைப் பாருங்கள். அன்றைய காற்றின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்தும் கரெக்‌ஷன் எந்த முறைப்படி என்று பொடி எழுத்தில் இருக்கிறது: எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே607. எங்கள் சான்றிதழில் இருப்பது ஜே1349. முதலாவது, காற்று 15.6 டிகிரி செல்சியஸிலும் 101.3 கிலோபாஸ்கல் அழுத்தத்திலும் இருந்தால் இன்ஜின் எவ்வளவு தரும் என்று கணக்கிடும். இரண்டாவது எடுத்துக்கொள்வது 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல். குளிர்ந்த, அடர்த்தியான காற்றைக் கற்பனை செய்துகொண்டால் விடை பெரிதாக வருவதில் ஆச்சரியம் என்ன? ஒரே ஓட்டத்தின் தரவை இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தால் பழைய ஜே607 சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 147-ஐ 1.04-ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 153.

மீதி ஒரே ஒரு கிலோவாட். டயர் தின்பது அதைவிட அதிகம். ஆக, உங்கள் எண்ணை வைத்தே பார்த்தாலும் எங்கள் கார் சான்றிதழில் சொன்னதை மீறவில்லை. ஒருவரை வெறுங்காலில் நிறுத்தி உயரம் அளந்துவிட்டு, அப்புறம் செருப்போடு நிறுத்தி அளந்து, "இடையில் வளர்ந்துவிட்டாய்" என்று குற்றம் சாட்டியதைப் போல இருக்கிறது.

நீக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆறவில்லை. அடுத்த சுற்றில் ஓட வேண்டுமானால் பவரைக் குறைத்து வாருங்கள் என்றீர்கள். குறைத்தோம். காற்று உள்ளே போகும் வழியைக் குறுக்கும் ரிஸ்ட்ரிக்டர் போட்டு, எரிபொருள் அளவையும் இக்னிஷனையும் அதற்கேற்ப மாற்றி, உங்கள் ஹப் டைனோவில் 149 காட்டியபோது ஒப்புதல் கொடுத்தீர்கள். அதே காரை அதே ரிஸ்ட்ரிக்டரோடு பழைய உருளை டைனோவுக்குக் கொண்டுபோனோம். 142. எங்கள் பிரிவில் மற்றவர்கள் கொடுத்திருக்கும் சான்றிதழ்கள் எல்லாம் அந்த மாதிரி உருளையில் எடுத்தவை; அவர்களை நீங்கள் ஹப்பில் ஏற்றவே இல்லை. அவர்கள் 150 வரை போகலாம், நாங்கள் 142-ல் நிற்க வேண்டும். வளைவில் எங்கள் டிரைவர் பிடித்துவிடுகிறார், நேர் பாதை வந்ததும் முன்னால் போகிற கார் விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். "பிரேக்கை இன்னும் தள்ளிப் பிடிக்கிறேன்" என்கிறார் அவர். குறை அவரிடம் இல்லை என்று சொன்னாலும் நம்ப மறுக்கிறார். இதை எந்தத் தாளில் எழுதி உங்களிடம் கொடுப்பது?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான்: ஒரு பிரிவில் ஓடும் எல்லாக் கார்களையும் ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரே கரெக்‌ஷனில் அளவிடுங்கள்.

விசாரணையின்போது உங்களில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். சக்கரத்தில் வரும் எண்ணோடு 15 சதவீதத்தைச் சேர்த்து, கம்பெனி சொல்லும் பவரோடு ஒப்பிட்டால் போயிற்றாம். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் டயரும் தின்பது காருக்குக் கார், வேகத்துக்கு வேகம், ஆயிலின் சூட்டுக்கே மாறும். எல்லாக் காருக்கும் பொதுவாக 15 என்பது பேச்சுவழக்கில் உருவான எண். அதை வைத்து ஒருவரை வெளியேற்றுவது நியாயமா?

சொல்லவந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்த டைனோ கம்மியாகக் காட்டும் என்பது பேடாக்கில் (அணிகள் கார்களை நிறுத்தும் இடத்தில்) எல்லோருக்கும் மனப்பாடம். டயரில் காற்றைக் குறைத்து, காரை உருளையோடு பிடித்துவைக்கும் ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டி, ஒரு கியர் கீழே போட்டு ஓட்டினால் இன்னும் கம்மியாகும். கீழ் கியரில் எல்லாம் சீக்கிரம் வேகமெடுக்கும், ஃப்ளைவீலையும் சக்கரங்களையும் சுழற்றவே அதிக பவர் போய்விடும், உருளைக்கு வந்து சேருவது குறையும். அப்படி எடுத்த தாள் உங்களுக்கு. அதே கார் விற்பனைக்கு வரும்போது, தாராளமாகக் காட்டும் வேறொரு டைனோவில் எடுத்த தாள் வாங்குபவருக்கு. போதாதென்று கிலோவாட்டை மெட்ரிக் குதிரைத்திறனாக மாற்றிவிடலாம். 150 கிலோவாட் ஹெச்பியில் 201, மெட்ரிக்கில் 204. இன்ஜினைத் தொடாமலேயே இத்தனை பவர் ஏற்ற முடிகிற காலத்தில் டியூனிங் கற்றுக்கொள்ள நாங்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டோம் என்று தெரியவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை லேசானதல்ல என்பது தெரியும். எல்லாக் கார்களையும் ஒரே நாளில் அளப்பது நடைமுறையில் கஷ்டம் என்றால், குறைந்தபட்சம் விதிப்புத்தகத்தில் எழுதிவையுங்கள்: உருளையா ஹப்பா, எந்தக் கரெக்‌ஷன், டயரில் எவ்வளவு காற்று, எந்த கியர், வெப்பநிலை உணரியை எங்கே வைப்பது. கடைசியாகச் சொன்னதை அற்ப விஷயமாக நினைக்க வேண்டாம். பானெட்டுக்குப் பக்கத்தில் சூடான காற்றில் உணரியைத் தொங்கவிட்டால், பாவம் இன்ஜின் வெயிலில் தவிக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் பவரைக் கூட்டிக் காட்டும். டர்போ கார்களில் இன்னும் மோசம். பூஸ்ட்டை (டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை) இசியூ, அதாவது இன்ஜினின் கணினி, பெரும்பாலும் தானே சரிக்கட்டிக்கொள்வதால், இழக்காத பவருக்கும் சேர்த்து ஈடு கொடுத்ததாக ஆகிவிடும். ஒரே டைனோவிலேயே அடுத்தடுத்து ஓட்டினால் எண் சற்று முன்பின் இருக்கும் என்பதால் வரம்புக்கு மேல் ஒரு சிறு சலுகை அளவும் வேண்டும்.

திரும்பவும் கேட்கிறேன்: ஒரே டைனோ, ஒரே கரெக்‌ஷன், எல்லோருக்கும். அதுவரை எங்கள் காரின் ரிஸ்ட்ரிக்டரைக் கழற்ற அனுமதியுங்கள், அல்லது பிரிவின் மற்ற கார்களையும் அடுத்த சுற்றுக்கு முன் அதே ஹப் டைனோவில் ஏற்றுங்கள். எங்கள் காரை அளந்தபோது பதிவான கரெக்‌ஷன் போடாத மூலத் தரவுக் கோப்பையும், அன்றைய காற்றழுத்தம், ஈரப்பதம், வெப்பநிலை அளவுகளையும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீக்கப்பட்ட காரின் மெக்கானிக்