சர்ரேயில் வீடு பார்க்கும் முன்

வோக்கிங்,
அக்டோபர்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாசல் வரை பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி குறைந்துவிட்டது என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். நான் சொன்னேன் என்று சொல், கேட்பார்கள்.

உன் கணவருக்கு, எனக்கு அவர் அண்ணா, லண்டன் மாற்றல் என்பது பெரிய செய்தி. கம்பெனிக்காரர்கள் லண்டனை ஒட்டியிருக்கும் இந்த சர்ரே மாவட்டத்தின் பக்கம் கை காட்டுகிறார்கள். அண்ணாவின் நண்பர்களோ லண்டனுக்குள்ளேயே ஹாரோ, ஈஸ்ட்ஹாம் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். சர்ரேக்கே வா. ஆனால் வீடு பார்க்கும்போது அண்ணாவின் ஆபீஸை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது நீ. உன் பகல் எப்படிப் போகும் என்பதை முதலில் பாருங்கள். இங்கே வந்து சேரும் நம் குடும்பங்களில் ரயில் நேரம், பள்ளிக்கூடம், வாடகை எல்லாவற்றையும் அலசிவிட்டு இந்த ஒன்றை யாரும் பேசாமலே விட்டுவிடுகிறார்கள்.

இடம் அழகுதான், அதில் சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தின் மாவட்டங்களிலேயே மரங்கள் அதிகம் சூழ்ந்தது சர்ரேதான். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மரநிழல். எங்கள் பக்கத்தில் மண் மணல் கலந்த சத்தில்லாத மண், விவசாயத்துக்குச் சரிப்படாது. அதனால் பெரும் பரப்புகள் பொதுநிலமாகவே தங்கிவிட்டன. அப்புறம் 1838-இல் லண்டனிலிருந்து ரயில் வோக்கிங் வரை வந்தது. ரயிலைத் தொடர்ந்து வீடுகள் வந்தன. லண்டன் இப்படியே பரவி எல்லாவற்றையும் விழுங்கிவிடக் கூடாது என்று 20-ஆம் நூற்றாண்டில் நகரைச் சுற்றிப் பசுமை வளையம் என்று வகுத்து, அங்கே கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தினார்கள். சர்ரேயின் பெரும்பகுதி அந்த வளையத்துக்குள்தான். மரம் நிலைத்ததிலும் வாடகை இப்படி ஏறிக் கிடப்பதிலும் அந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. எங்கள் பகுதியில் மூன்று படுக்கையறை வீட்டுக்கு மாதம் 2,000 பவுண்டு வாக்கில் கேட்கிறார்கள். உள்ளாட்சிக்கான கவுன்சில் வரி தனி, அதைக் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். வருடத்துக்கு 2,000 பவுண்டைத் தாண்டும். கம்பெனி வீட்டுப்படி தருகிறது என்றால் இந்த வரியும் அதில் சேர்த்தியா என்று அண்ணாவைக் கேட்கச் சொல். டெபாசிட் முன்பணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது, அதையும் நினைவில் வை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஓக் மரம் நிற்கிறது. அடிமரத்தை நானும் இவரும் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாது. ஒரு கிளை கூரை மேல் சாய்ந்து மழைநீர்க் குழாயை இலையால் அடைத்துக்கொண்டே இருந்தது. வெட்டிவிடலாமா என்று வீட்டின் உரிமையாளரிடம் கேட்டோம். பாதுகாக்கப்பட்ட மரம் அது, கிளையைத் தொடுவதென்றால்கூட கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட வேண்டும், எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்வார்கள், அனுமதி இல்லாமல் வெட்டினால் அது குற்றம் என்றார். விண்ணப்பம் போய், மரத்துக்கென்றே இருக்கும் அதிகாரி பரிசீலித்து, எந்தக் கிளையை எவ்வளவு நீளம் குறைக்கலாம் என்று எழுத்தில் வந்தது. அவினாசி ரோட்டை அகலப்படுத்தியபோது போன மரங்களை நினைத்துக்கொண்டேன் மீனா. ஒரு கிளைக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் ஊரில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே மரங்கள்தான் இவருக்கு இந்த மாதம் தலைவலி. இலை உதிரும் காலத்தில் ரயில்கள் தாமதமாகும். தண்டவாளத்தில் விழும் ஈர இலையைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கி வழுவழுப்பான கெட்டிப் பூச்சாக்கிவிடுகின்றன. பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும், அதனால் ஓட்டுநர்கள் வேகத்தை முன்கூட்டியே குறைக்கிறார்கள். அந்தப் பூச்சைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும், பிடிமானத்துக்கு மணல் கலந்த பசை போடவும் தனி ரயில்கள் ஓடுகின்றன. நீராவி எஞ்சின் காலத்தில் தீப்பொறிக்குப் பயந்து பாதையோரத்தை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்களாம். இந்தப் பாதையில் 1967-இல் நீராவி நின்றது, அதன்பின் மரங்கள் தம் பாட்டுக்கு வளர்ந்துவிட்டன. மற்ற மாதங்களில் வோக்கிங்கிலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்கு வேகமான வண்டியில் அரை மணி நேரம்தான். வருடப் பயணச்சீட்டு 4,000 பவுண்டுக்கு மேல். அண்ணா வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் போக வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அதை வாங்கட்டும்.

சரி, உன் பகலுக்கு வருகிறேன்.

இங்கே காலை எட்டே முக்கால் வரை தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் போனதும் அடங்கிவிடும். காய்க்காரர் குரல் இல்லை, அயர்ன் வண்டி இல்லை, எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்காது. அழகான கிராமமாகப் பார்த்துக் குடியேறியவர்களுக்கு இது இன்னும் கடினம். பஸ் மணிக்கு ஒன்று வந்தால் அதிகம், பல சாலைகளில் நடைபாதையே கிடையாது. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, நடுவில் ஒரு கார் போகும் அகலம். இவருடன் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி அப்படி ஒரு ஊரில் இருந்தாள். நம்மைவிட வயதில் சின்னவள், திருச்சிப் பெண், வங்கியில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவள். கார் ஓட்ட உரிமம் இல்லை, குழந்தைக்கு இரண்டு வயது. மாலை கணவன் வரும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத நாட்கள் உண்டு என்று என்னிடம் அழுதிருக்கிறாள். டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் மீனா. ஜன்னலுக்கு வெளியே எத்தனை அழகு இருந்தாலும் அந்த இருட்டில் அது ஆறுதல் தராது. வீட்டை மாற்றி ஸ்டேஷன் பக்கம் வந்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

அதனால் நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து ஸ்டேஷன், நூலகம், ஒரு மளிகைக் கடை, தொடக்கப்பள்ளி நாலுக்கும் நடந்து போக முடிய வேண்டும். வோக்கிங், கில்ட்ஃபர்ட், எப்சம், ரெட்ஹில் போன்ற ஊர்களில் அப்படிக் கிடைக்கும். காபம் (Cobham), வேபிரிட்ஜ் பக்கம் கம்பெனி மாற்றலில் வரும் அமெரிக்கக் குடும்பங்கள் நிறைய, பெரிய சர்வதேசப் பள்ளிகளும் உண்டு. அங்கே வாடகை வேறு கணக்கு. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து 20 சதவீத வரியும் சேர்ந்துவிட்டது.

கார் விஷயம் இன்னொன்று. நம் ஊர் உரிமத்தை வைத்து இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அப்புறம் அதை மாற்றிக் கொடுக்க மாட்டார்கள், புதிதாகத் தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். ஓட்டுத் தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக் கணக்கில் ஆகும். வந்த வாரமே நீயும் விண்ணப்பித்துவிடு, அண்ணா வாங்கட்டும் என்று நீ காத்திருக்காதே. இந்த ஊரில் உரிமம் கையில் இருந்தால் உன் பகல் உன் வசத்தில் இருக்கும்.

வேலை பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவை அத்தனை பிரியமாகச் சொல்லிக்கொடுக்கும் நீ, மூன்று வருடம் சும்மா இருக்கலாம் என்று எப்படி முடிவு செய்தாய்? கணவரோடு சார்ந்து வரும் விசாவில் நீ இங்கே வேலை பார்க்கலாம். இந்தியாவில் பயிற்சி பெற்று அனுபவமும் உள்ள கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்கள் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வழி 2023-இலிருந்து இருக்கிறது. பட்டம், பி.எட். சான்றிதழ், வேலை பார்த்த பள்ளியின் கடிதம், நீ ஆசிரியராக நல்ல நிலையில் இருந்தாய் என்பதற்கான அத்தாட்சி, இத்தனையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துவிடு. இங்கிருந்துகொண்டு ஒரு கையெழுத்துக்காகக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கணக்கு ஆசிரியர்களுக்கு இங்கே தட்டுப்பாடு. நீ வீட்டில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அண்ணாவுக்கு எந்த விசா போடுகிறார்கள் என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். கம்பெனிக்குள் மாற்றலாகி வருபவர்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது, அதில் எத்தனை வருடம் இருந்தாலும் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிக்கு வழி திறக்காது. மூன்று வருடத்தில் திரும்புவதுதான் திட்டம் என்றால் கவலையில்லை. தங்கும் எண்ணம் மனசின் ஓரத்தில் இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776, மொத்த விசாக் காலத்துக்கும் முன்னாலேயே கட்ட வேண்டும். நாலு பேருக்கு மூன்று வருடம் என்று போட்டுப் பார்த்தால் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. அதைக் கம்பெனியே ஏற்கட்டும்.

பள்ளிக்கூடம். இங்கே வகுப்பு என்பது பிறந்த தேதிதான், செப்டம்பர் 1 கணக்கு. உன் சின்னவள் ஆகஸ்டில் நாலு முடிப்பதால் அடுத்த செப்டம்பரிலேயே சேரலாம், வகுப்பிலேயே குட்டி அவளாகத்தான் இருப்பாள். ஐந்து வயதுவரை கட்டாயம் கிடையாது, அவள் தயாராக இல்லை என்று தோன்றினால் தள்ளிப்போடக் கேட்கலாம். சேர்க்கைக்குக் கடைசி நாள் ஜனவரி 15. நீங்கள் ஏப்ரலில் வந்தால் தாமத விண்ணப்பம்தான் போட முடியும், இடம் காலியாக இருக்கும் பள்ளிதான் கிடைக்கும். அதனால் வீட்டு ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும், இதை நான் செய்கிறேன். பெரியவனுக்கு நேரம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்கு அடுத்த அக்டோபர் 31-க்குள் விண்ணப்பித்தால் போதும். சர்ரேக்குள் நுழைவுத் தேர்வு வைக்கும் அரசு கிராமர் பள்ளி எதுவும் இல்லை. பக்கத்தில் கிங்ஸ்டனிலும் சட்டனிலும் இருக்கின்றன. நம் ஆட்கள் அதற்காகப் பிள்ளைகளை எட்டு வயதிலேயே டியூஷனில் தள்ளுவதைப் பார்ப்பாய். புது நாடு, புது நண்பர்கள், ஆங்கிலத்தில் பிடிபடாத உச்சரிப்பு என்று அவனுக்கே முதல் வருடம் நிறைய வேலை இருக்கும். அவனை நிம்மதியாக விடு.

தமிழ் கேட்காமல் போய்விடுமோ என்று பயப்படாதே. நியூ மால்டனும் விம்பிள்டனும் எங்கள் ரயில் பாதையில்தான், டூட்டிங் விம்பிள்டனுக்குப் பக்கத்தில். ஈழத் தமிழர் கடைகளில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், சிவப்பரிசி மாவு எல்லாம் கிடைக்கும். விம்பிள்டனில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, டூட்டிங்கில் அம்மன் கோயில். நியூ மால்டன் இருக்கும் கிங்ஸ்டன் பகுதியே 1965 வரை சர்ரேதான், லண்டனைப் பெரிதாக்கியபோது அதில் சேர்த்துக்கொண்டார்கள். வோக்கிங்கிலும் நம் துணைக்கண்டத்தின் தடம் பழையது. இந்த நாட்டில் மசூதியாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் இங்கேதான் இருக்கிறது, 1889-இல் போபால் பேகத்தின் நன்கொடையோடு எழுந்தது. ஹார்செல் பொதுநிலத்துக்குள் முதல் உலகப் போரில் இறந்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக அமைத்த இடுகாடு இருந்தது. கல்லறைகளைப் பிறகு புரூக்வுட் இடுகாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். செங்கல் சுவரும் வளைவு வாசலும் அப்படியே நிற்கின்றன, உள்ளே அமைதிப் பூங்கா. நீ வந்ததும் அங்கே அழைத்துப் போகிறேன்.

கிளம்பும்போது நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் வைக்காதே, பால் பொருள் கொண்டுவர அனுமதி இல்லை. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் பள்ளிச் சான்றுகளும் கைப்பையில் இருக்கட்டும். குளிர்கால உடைகளை அங்கே வாங்காதே, இங்குள்ள தொண்டு நிறுவனக் கடைகளில் நல்ல கோட்டுகள் குறைந்த விலையில் கிடைக்கும்.

அண்ணாவின் ஆபீஸ் லண்டனில் எந்தப் பக்கம், எத்தனை நாள் போக வேண்டும், வாடகைக்குக் கம்பெனி எவ்வளவு வரை தரும், இந்த மூன்றையும் எழுது. கிடைத்ததும் வீடுகள் பார்க்கத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
கலா