12 மணிக்கு நிழல் மறையவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளில் ஸ்டெம் கல்வி (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோபோ கிட், முப்பரிமாண அச்சு இயந்திரம், ஆய்வகம் எல்லாம் இருந்தன. நூலகம் என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. 29 வருடம் பள்ளி நூலகராக இருந்தவளுக்கு அது உறுத்தியது.

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, அப்புறம் நூலக அறிவியல் படித்தவள். மதுரையில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் சேர்ந்தபோது, லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. நூலகப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். தொலைந்த புத்தகத்துக்கு மட்டும் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிறகு எந்த நூலகர் அலமாரியைத் திறந்து வைப்பார்? பின்னாளில் வந்த ரோபோ கிட்டும், உடைந்தால் யார் தலையில் விடியும் என்ற பயத்திலேயே, பிரிக்காமல் பீரோவுக்குள் போனது.

ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மிஸ், மத்தியானம் சூரியன் தலைக்கு நேரா வரும்னு போட்டிருக்கு. எனக்கு மட்டும் ஏன் நிழல் விழுது?"

பதில் சொல்லாமல் மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பு ஒன்றை நட்டோம். மதுரையில் ஏப்ரல் மத்தியிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும்தான் உச்சிவேளையில் நிழல் இல்லாமல் போகும். முதல் வருடம் மேகம் கெடுத்தது. மறுவருடம் சுள்ளென்று வெயில். மணி 12 ஆகியும், நாலு விரல்கடை நீளத்துக்கு நிழல் மேற்கே விழுந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது. 12:18 வாக்கில்தான் கம்பின் காலடியில் ஒடுங்கியது.

ஏன் 18 நிமிடம்? அட்லஸை விரித்தோம். நம் கடிகாரம் ஓடுவது 82½ டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில். மதுரை இருப்பது 78இல். வித்தியாசம் நாலரை டிகிரி. சூரியன் ஒரு டிகிரி கடக்க 4 நிமிடம். பெருக்கிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் இறங்கி வந்துவிட்டார்.

நிழல் அறிவியல் ஆசிரியருடையது, தீர்க்கரேகை சமூக அறிவியல், பெருக்கல் கணக்கு. மூன்று பேருக்கும் போர்ஷன் முடிக்க வேண்டும். 520ஆம் எண் அலமாரியில் இருக்கும் வானியல் புத்தகத்தையும் 912இல் இருக்கும் அட்லஸையும் ஒரே மேசையில் போட, போர்ஷன் இல்லாத நூலகருக்குத்தான் தோது.

நூலகருக்கும் ஸ்டெம்முக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு: 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதுவரை கணிதப் பேராசிரியர். லண்டன் கடையொன்றில், துண்டுகளைக் கோத்து விதவிதமாகச் செய்யும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோதுதான், புத்தகங்களை வகைபிரிக்கும் அவரது கோலன் பகுப்புமுறையே அவருக்குப் பிடிபட்டது.

நான் ஓய்வு பெற்ற பின் என் இடத்துக்கு ஆள் போடவில்லை. நூலகச் சாவி பி.டி. மாஸ்டரிடம் இருக்கிறதாம். கிட் வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு நூலகரையும் போடட்டும்; உடைந்தாலும் தொலைந்தாலும் அவர் சம்பளத்தில் கை வைக்காமல் இருக்கட்டும்.

மதுரைப் பக்கத்துப் பள்ளிகள் வரும் ஆகஸ்டில் கம்பை நட்டுப் பார்க்கலாம். 27ஆம் தேதி மேகம் மறைத்தால் மறுநாள் பாருங்கள். ஒரு மீட்டர் கம்புக்குச் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி நூலகர்,
மதுரை.