வாய் திறக்காத டிராகுலா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1966) படத்தை, அதில் டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் உச்சம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். லீயின் தீவிர ரசிகர்களான எங்களால் இதை ஏற்க முடியவில்லை. 90 நிமிடப் படத்தில் பாதி ஓடிய பிறகுதான் அவர் வருகிறார். வந்தும் ஒரு வார்த்தை பேசுவதில்லை; சீறுவதோடு சரி. வசனம் மட்டமாக இருந்ததால் பேச மறுத்துவிட்டதாக லீ சொல்லிவந்தார். திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டரோ, டிராகுலாவுக்கு வசனமே எழுதவில்லை என்றார். யார் சொன்னது சரியென்றாலும் நஷ்டம் நமக்குத்தான். 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியில் சிவாஜியின் குரலை நிறுத்திவிட்டுப் பார்ப்பது போலிருக்கிறது.

இதற்கு முந்தைய படமான 1958 'டிராகுலா'விலும் லீக்கு வசனம் குறைவு. கோட்டைக்கு வரும் ஹார்க்கரிடம் பேசும் ஆரம்பக் காட்சிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கொஞ்சம்தான். படியிறங்கி வந்து விருந்தாளியை வரவேற்று, அறை வரை அழைத்துப் போகும் கண்ணியமான பிரபு அவர். அதே மனிதர் பிறகு கண் சிவந்து, வாயில் ரத்தம் வழிய நூலகத்துக்குள் பாயும்போது தூக்கிவாரிப் போடுகிறது. 1966 படத்தில் அந்த உபசாரமெல்லாம் வேலைக்காரன் க்ளோவ் கைக்குப் போய்விட்டது. கோட்டைக்கு வந்து சேரும் பயணிகள் நால்வருக்குச் சாப்பாட்டு மேசையைத் தயாராக வைத்து வரவேற்பவன் அவன்தான். மிருகம் மட்டும் லீக்கு மிச்சம்.

இத்தனைக்கும் இரண்டு படங்களையும் இயக்கிய டெரன்ஸ் ஃபிஷருக்கு, சாதுவை மிருகமாக மாற்றிக் காட்டும் இந்த வித்தை தெரியும். அந்த நால்வரில் ஒருத்தியான, பார்பரா ஷெல்லி நடித்த ஹெலனைப் பாருங்கள். முதல் பாதியில் எதற்கெடுத்தாலும் பயந்து, முகம் சுளித்து, 'இங்கே தங்க வேண்டாம்' என்று கெஞ்சுகிற பெண். கடிபட்ட பின் கூந்தல் அவிழ்ந்து, சிரித்துக்கொண்டே ஆளை அழைக்கிறாள். துறவிகள் அவளை மேசையில் அமுக்கிப் பிடித்து நெஞ்சில் முளை அடிக்கும் இடம் இன்றும் பார்க்க முடியாத அளவுக்குக் கொடூரம். டிராகுலாவை உயிர்ப்பிக்கும் காட்சியும் பிரமாதம்: ஹெலனின் கணவன் ஆலனைக் குத்திக் கொன்று, கல் சவப்பெட்டிக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டு, கழுத்தை அறுத்து, ரத்தத்தை டிராகுலாவின் சாம்பலில் விழவைக்கிறான் க்ளோவ். அவ்வளவு பொறுமையாகக் கட்டியதற்குப் பின் எழுந்து வருபவர் பேசவே மாட்டார் என்றால் எப்படி?

சென்னையில் இதைத் திரையிட நினைப்பவர்கள் கவனிக்க: படம் டெக்னிஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுத்தது, 2.35:1 அகலம். டிவி அளவுக்கு நிரப்பினால் இரு பக்கமும் வெட்டுப்பட்டு, ஃபிஷர் ஓரங்களில் நிறுத்திய ஆட்கள் காணாமல் போவார்கள். தொடக்கத்தில் காட்சி மட்டும் சிறிதாகி, சுற்றிலும் புகை தெரியும். அது புரொஜெக்டர் கோளாறல்ல. 1958 படத்தின் துண்டு அகலத்தில் குறைவு என்பதால் அப்படி ஒட்டியிருக்கிறார்கள், ஜூம் செய்துவிட வேண்டாம். அந்தத் துண்டு முந்தைய படத்தின் கிளைமாக்ஸ் என்பதால், 82 நிமிடம் ஓடும் அந்தப் படத்தை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
மயிலாப்பூர், சென்னை-4